எஃப்.இ.ஆர். வந்துவிட்டது, என் தூசிக் குழாய்க்கு இனி பேட்டன்ட் கிடைக்குமா?

கோவை மாவட்டத்தில் மரவேலைப் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவர் பட்டறையில் ஒரு டஸ்ட் கலெக்டர், அதை நம்பி நாலு மெஷின். ரம்பத்திலிருந்து இழைப்பு மெஷினுக்குப் போகும்போதெல்லாம் கம்பிச்சுருள் போட்ட ஃப்ளெக்சிபிள் ஹோஸைக் கழற்றி மாட்ட வேண்டும். அது மடங்கும், வளைவில் இழைப்புச் சுருள் அடைத்துக்கொள்ளும், சீக்கிரமே கிழியும். அலுத்துப்போய் நாலு அங்குலக் குழாய்த் துண்டுகளைப் பந்தும் கிண்ணமுமான மூட்டுகளால் கோத்து, எந்தப் பக்கமும் திருப்பி நிறுத்தக்கூடிய குழாய் ஒன்றை அவரே செய்தார். ஒவ்வொரு மூட்டின் மேலும் ஒரு வளையம். கால் சுற்றுத் திருப்பினால் குழாய் அந்தக் கோணத்திலேயே நின்றுவிடும். மூட்டுக்கு உள்ளே, காற்று ஓடும் திசையில் குறுகிக்கொண்டு போகும் ஒரு கூம்பு ஸ்லீவ்.

ஒரு கன்சல்டன்ட் மூலம் விண்ணப்பம் போட்டார். இப்போது முதல் ஆய்வறிக்கை, அதாவது எஃப்.இ.ஆர்., வந்து மூன்று மாதம் ஆகிறது. அதில் நான்கு ஆட்சேபங்கள். டி1 என்று குறிக்கப்பட்ட, கூலன்ட் (மெஷினில் வெட்டும் இடத்தைக் குளிரவைக்கும் திரவம்) பாய்ச்சும் குழாய் பற்றிய அமெரிக்க பேட்டன்ட்டில் இதே மூட்டுக்குழாய் இருப்பதால் புதுமை இல்லை. டி1-ஐயும் வெல்டிங் புகையை உறிஞ்சும் கை பற்றிய டி2-ஐயும் சேர்த்துப் பார்த்தால், துறை தெரிந்த யாருக்கும் இது தோன்றியிருக்கும். தெரிந்த பாகங்களை அடுக்கியிருப்பதால் பேட்டன்ட் சட்டத்தின் பிரிவு 3(எஃப்)-இன் கீழ் இது கண்டுபிடிப்பே ஆகாது. கிளெய்ம்கள், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகங்கள், தெளிவாக இல்லை.

அவர் கேட்பவை: விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டதா? காலாவதியான, இந்தியாவில் விற்காத ஒரு குழாயைக் காட்டி என்னை எப்படித் தடுக்கலாம்? அது கூலன்ட்டுக்கு, என்னுடையது மரத்தூளுக்கு என்று பதில் எழுதினால் போதாதா? அண்மையில் மூட்டுக்கு மூட்டு எர்த் கம்பி சேர்த்திருக்கிறேன், அதையும் பதிலில் நுழைக்கலாமா? பக்கத்து மாவட்டத்தில் ஒருவர் என் குழாயைக் காப்பியடித்து விற்கிறார், நோட்டீஸ் விடலாமா? கன்சல்டன்ட் போனை எடுப்பதே இல்லை, என்ன செய்வது?

வணக்கம். முதலில் பதற்றத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். எஃப்.இ.ஆர். என்பது நிராகரிப்பு உத்தரவு அல்ல. ஆய்வாளர் தன் தேடலில் கிடைத்ததை உங்கள் முன் வைத்து, ‘இதற்கு என்ன சொல்கிறீர்கள்’ என்று கேட்கும் கட்டம் இது. ஆட்சேபமே இல்லாமல் நேராக பேட்டன்ட் கிடைக்கும் விண்ணப்பங்கள் அபூர்வம். புதுமை இல்லை என்ற வரியைப் படித்துவிட்டுத் தூக்கம் கெட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வாரம்தோறும் பார்க்கிறோம்.

உங்களை உண்மையிலேயே கவிழ்க்கக்கூடியது நாள் கணக்கு. அறிக்கை அனுப்பப்பட்ட தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் பதில் போக வேண்டும். நீங்கள் மின்னஞ்சலைத் திறந்து பார்த்த தேதிக்கு இங்கே மதிப்பில்லை. முடியாவிட்டால் படிவம் 4-உடன் கட்டணம் கட்டி மூன்று மாதம் நீட்டிப்புக் கேட்கலாம். எதுவும் செய்யாமல் விட்டால் பிரிவு 21-இன்படி விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கருதுவார்கள். உங்கள் தரப்பைக் கேட்க ஹியரிங் கூட இருக்காது.

அதனால் கன்சல்டன்ட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். பேட்டன்ட் அலுவலக இணையதளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டால் எஃப்.இ.ஆர். உட்பட எல்லாக் காகிதங்களும் இலவசமாகக் கிடைக்கும். அதில் படிவம் 1-ஐத் திறந்து, கடிதத் தொடர்புக்கு யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது என்று பாருங்கள். கன்சல்டன்ட்டுடையதாக இருந்தால் ஹியரிங் நோட்டீசும் அங்கேதான் போகும். வேறொருவரை நியமித்துப் புதிய படிவம் 26 தாக்கல் செய்து, முகவரியையும் மாற்றிவிடுங்கள். புதியவர் பதிவுபெற்ற பேட்டன்ட் ஏஜென்ட்தானா என்று பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். பேட்டன்ட் ஏஜென்ட் தேர்வு எழுதாத கன்சல்டன்ட்டுகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நீங்களே பதில் தாக்கல் செய்யவும் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் கிளெய்மைத் திருத்தும் வேலையைத் தனியாகச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. காரணம் கீழே.

காலாவதியான பேட்டன்ட்டும் கணக்கில் வரும்

டி1 காலாவதியாகிவிட்டது என்றால், அந்தக் குழாயை இன்று யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம் என்றுதான் பொருள். அதில் எழுதியிருப்பது உலகத்துக்குத் தெரிந்துவிட்ட விஷயம் என்பது மாறாது. எந்த நாட்டில், எந்த மொழியில், எத்தனை வருஷத்துக்கு முன்னால் அச்சானது என்பதெல்லாம் பொருட்டில்லை. உங்கள் விண்ணப்பத் தேதிக்கு முன் வெளியாகியிருந்தால் போதும். அது இந்தியாவில் விற்றதா என்று சட்டம் கேட்பதில்லை. சொல்லப்போனால், கோவையில் எந்த சி.என்.சி. பட்டறைக்குள் நுழைந்தாலும் கூலன்ட் பாய்ச்சும் பிளாஸ்டிக் மூட்டுக்குழாய் நீலமும் ஆரஞ்சுமாக மெஷின் மேல் வளைந்து நிற்பதைப் பார்க்கலாம். ஆய்வாளரும் பார்த்திருப்பார்.

‘அது கூலன்ட்டுக்கு, இது மரத்தூளுக்கு’ என்ற வாதம் உங்களுக்கு வலுவாகத் தெரிவது புரிகிறது. ஆனால் அதையே முதல் வாதமாக வைத்தால் நீங்களே குழி வெட்டிக்கொள்வீர்கள். தெரிந்த கருவிக்கு வெறும் புதிய பயன் கண்டால் அது கண்டுபிடிப்பாகாது என்று பிரிவு 3(டி) சொல்கிறது. இப்போது அறிக்கையில் இல்லாத அந்த ஆட்சேபத்தை நீங்களாகவே வரவழைத்துக்கொள்ள வேண்டுமா? நாலு அங்குலத்தை ஐந்தாக மாற்றி எழுதச் சொன்ன நண்பரின் யோசனையும் இதே ரகம். அளவு மாற்றத்துக்கெல்லாம் பேட்டன்ட் கிடைக்காது.

உங்கள் குழாயில் எது புதிது?

‘என் ஆட்களுக்கு இருமல் குறைந்திருக்கிறது, இதைவிட என்ன வேண்டும்’ என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய விஷயம்தான். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்தியிருக்கிறது. ஆனால் ஆய்வாளர் கேட்பது குழாய் பயனுள்ளதா என்பதை அல்ல. டி1-இலும் டி2-இலும் இல்லாத எது உங்களிடம் இருக்கிறது, அது என்ன வேலை செய்கிறது என்பதைத்தான். பதில் முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே இருக்க வேண்டும்.

உங்கள் கிளெய்ம் 1 இப்படி இருக்கிறது: ‘மூட்டுகளால் இணைக்கப்பட்ட பல குழாய்த் துண்டுகளையும், ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பூட்டு வளையத்தையும் கொண்ட, கோணம் மாற்றத்தக்க தூசி சேகரிப்புக் குழாய்.’ டி1-இன் படம் ஒன்றில் மூட்டை இறுக்கும் வளையமும் இருப்பதாக ஆய்வாளர் குறித்திருக்கிறார். நீங்கள் அனுப்பிய நகலில் நானும் பார்த்தேன், இருக்கிறது. அப்படியானால் இந்த வார்த்தைகளோடு கிளெய்ம் 1 நிற்காது. அதில் ஆய்வாளரோடு சண்டை போடுவது வீண்.

ஆனால் கண்டுபிடிப்பை விளக்கி விண்ணப்பத்தோடு நீங்கள் தந்த விவரக் குறிப்பின் நடுவில், கிளெய்ம் எதிலும் ஏறாத ஒரு பத்தி இருக்கிறது. மூட்டை வளைக்கும்போது உள்பக்கம் இரண்டு குழாய்களுக்கும் நடுவே ஒரு படி உண்டாகிறது, இழைப்பு மெஷினிலிருந்து வரும் நீளச் சுருள் அந்தப் படியில் தொங்குகிறது, அடுத்தடுத்து வருவது அதில் சேர்ந்து அடைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தவிர்க்கத்தான் கூம்பு ஸ்லீவ். முன்குழாயில் தொடங்கி, பந்தின் மையத்தைத் தாண்டி, பின்குழாய்க்குள் நீளுவதால் எந்தக் கோணத்திலும் சுருளுக்கு மாட்டிக்கொள்ள விளிம்பு கிடைப்பதில்லை. அதோடு, வெளி வளையத்தைக் கால் சுற்று இறுக்கும்போது அது ஸ்லீவின் விளிம்பைப் பந்தின் மேல் அழுத்துகிறது. கோணம் பூட்டுவதும் காற்றுக் கசிவு அடைபடுவதும் ஒரே திருப்பில் நடக்கின்றன.

இதுதான் உங்கள் சொத்து. டி1 திரவத்துக்கானது, டி2 புகைக்கானது. இரண்டிலும் சுருள் மாட்டும் பிரச்சினையே இல்லை, ஆகவே அதற்கான தீர்வும் இல்லை. இங்கே மரத்தூளைப் பற்றிப் பேசலாம்; ஏனென்றால் இப்போது வேறு பயனைக் காட்டவில்லை, வேறு அமைப்பைக் காட்டுகிறீர்கள். பிரிவு 3(எஃப்) ஆட்சேபத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அந்தப் பிரிவு தடுப்பது, தெரிந்த சாதனங்கள் ஒன்றையொன்று சாராமல் அததன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் வெறும் அடுக்கலை. உங்களுடையதில் வளையம் இறுகாமல் ஸ்லீவ் அழுந்தாது, ஸ்லீவ் இல்லாமல் வளையம் கசிவை அடைக்காது. ஒன்றை எடுத்தால் மற்றது பாதியாகிவிடுகிறது.

எனவே கிளெய்ம் 1-இல் ஸ்லீவையும், வளையம் அதை அழுத்தும் விதத்தையும் சேர்த்துச் சுருக்குங்கள். பிரிவு 59 இதை அனுமதிக்கிறது: திருத்திய கிளெய்ம் பழைய கிளெய்மின் எல்லைக்குள் இருக்க வேண்டும், சேர்க்கும் விஷயம் முதலில் தாக்கல் செய்த விவரக் குறிப்பிலேயே இருந்திருக்க வேண்டும். இரண்டும் உங்களுக்குப் பொருந்துகின்றன. நான்காவது ஆட்சேபமான தெளிவின்மையும் பெரும்பாலும் இந்தத் திருத்தத்தோடு போய்விடும்.

அப்புறம் ஒரு சோதனை செய்யச் சொல்வேன். உங்கள் கடிதம் முழுக்க ஃப்ளெக்சிபிள் ஹோஸோடுதான் ஒப்பிடுகிறீர்கள், ஏனென்றால் உங்களைப் படுத்தியது அது. சட்டம் ஒப்பிடுவது உங்கள் குழாய்க்கு மிக அருகில் நிற்கும் முந்தைய குழாயோடு, அதாவது டி1-இன் மூட்டோடு. எனவே ஸ்லீவைக் கழற்றிய உங்கள் குழாய் ஒன்று, ஸ்லீவ் போட்டது ஒன்று. ஒரே கலெக்டர், ஒரே நீளம், ஒரே வளைவுகள். எடை போட்ட இழைப்புச் சுருளை இரண்டிலும் ஓட்டுங்கள். எது எப்போது அடைக்கிறது என்று குறியுங்கள். ட்ரான்ஸ்பரன்ட் டியூபை யு வடிவில் வளைத்துத் தண்ணீர் ஊற்றினால் அழுத்த இழப்பையும் அளந்துவிடலாம். மரத்தூள் படியாமல் போக குழாய்க்குள் காற்று வினாடிக்கு 20 மீட்டர் அளவில் ஓட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. கசிவு அடைபடுவதால் அந்த வேகம் எவ்வளவு காப்பாற்றப்படுகிறது என்று காட்ட முடிந்தால் இன்னும் நல்லது. முடிவுகளைப் பிரமாணப் பத்திரமாகப் பதிலோடு இணைக்கலாம். வீடியோ வேண்டாம், அட்டவணை போதும்.

இவ்வளவு செய்தாலும் கிடைத்துவிடும் என்று உத்தரவாதம் கிடையாது. உச்ச நீதிமன்றம் 1978-இல் தீர்ப்பளித்த விஸ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் வழக்கை ஆய்வாளர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். லேத்தில் கடைசல் போடும்போது பாத்திரம் நழுவாமல் பிடிக்கும் முறை ஒன்றுக்கு மிர்சாபூர் நிறுவனம் ஒன்று பேட்டன்ட் வாங்கியிருந்தது. வேலை சுலபமானது, பாதுகாப்பானது, பினிஷிங் நன்றாக வந்தது. ஆனாலும் அது கைதேர்ந்த பட்டறைக்காரர் எவரும் செய்யக்கூடிய மேம்பாடு மட்டுமே என்று சொல்லி அந்தப் பேட்டன்ட் செல்லாது என்றார்கள். ‘யாருக்கும் தோன்றியிருக்கும்’ என்ற ஆட்சேபத்தின் கூர்முனை அதுதான். ஸ்லீவ் ஏன் யாருக்கும் தோன்றியிருக்காது என்பதைச் சோதனை எண்களோடு சொன்னால்தான் அதிலிருந்து தப்பலாம்.

பதிலில் திருப்தி இல்லையென்றால் ஹியரிங் வைப்பார்கள். வீடியோ கான்ஃபரன்சிலேயே நடக்கும். முடிந்த 15 நாளுக்குள் எழுத்துமூல வாதம் தர வேண்டும். அதன் பிறகும் நிராகரித்தால் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு. மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டதால், சென்னை அலுவலக விண்ணப்பங்களுக்கு இப்போது சென்னை உயர் நீதிமன்றம்தான்.

எர்த் கம்பி

இந்தப் பதிலில் அதைச் சேர்க்க முடியாது. விண்ணப்ப நாளில் விவரக் குறிப்பில் இல்லாத எதையும் பிறகு நுழைக்கக் கூடாது. பிரிவு 54-இன் கீழ் கூடுதல் பேட்டன்ட் என்ற வழி உண்டு. மூலப் பேட்டன்ட்டோடு சேர்ந்தே வாழும், தனிப் புதுப்பிப்புக் கட்டணமும் இல்லை. ஆனால் பிளாஸ்டிக் டக்ட்டில் நிலைமின்சாரம் போக செம்புக் கம்பி ஓட்டுவது உலகம் முழுக்க மரவேலைக்காரர்கள் செய்வது. அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

எஃப்.இ.ஆர்.-இல் இல்லாத ஒரு சிக்கல்

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: விண்ணப்பம் போடுவதற்குச் சில மாதம் முன்பே யூடியூபில் வீடியோ போட்டீர்கள், நண்பர்கள் இருவர் பட்டறையிலும் பொருத்திக் கொடுத்தீர்கள். நான்கு ஆட்சேபங்களைவிட எனக்குக் கவலை தருவது இதுதான். கண்டுபிடித்தவரே வெளியிட்டாலும் புதுமை போய்விடும். அமெரிக்காவில் இருப்பதுபோல, சொந்த வெளியீட்டுக்குப் பொதுவாக ஒரு வருஷச் சலுகை இந்தியாவில் கிடையாது. பிரிவு 31-இன் சலுகை அரசு அறிவித்த கண்காட்சி போன்ற சில சூழல்களுக்கு மட்டும். நண்பர்கள் பட்டறையில் மாட்டியதைப் பிரிவு 32-இன் கீழ் நியாயமான சோதனை என்று வாதிட்டுப் பார்க்கலாம், ஆனால் அதற்கு அது விண்ணப்பத்துக்கு முந்தைய ஒரு வருஷத்துக்குள் நடந்திருக்க வேண்டும், வெளியிடத்தில் சோதித்தே ஆக வேண்டிய தேவையும் இருந்திருக்க வேண்டும். காசு வாங்கியிருந்தால் அந்த வாதம் கஷ்டம்.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். வெளிப்பக்கம் மட்டும் தெரிகிறதா, மூட்டைக் கழற்றி ஸ்லீவைக் காட்டினீர்களா? வெளிப்பக்கம் மட்டும் என்றால் பழைய, அகலமான கிளெய்மைத்தான் அது கெடுக்கும். ஸ்லீவோடு சுருக்கிய கிளெய்ம் தப்பிக்க வாய்ப்புண்டு. சுருக்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். உள்ளே காட்டியிருந்தால், மேற்கொண்டு செலவு செய்வதற்கு முன் ஏஜென்ட்டிடம் அதை அப்படியே சொல்லிவிடுங்கள். இப்போது வீடியோவை நீக்குவதால் அன்று வெளியானது இல்லையென்று ஆகிவிடாது. பதிலில் எங்கும் ‘இதற்கு முன் யாருக்கும் காட்டவில்லை’ என்று எழுதவும் கூடாது. ஆய்வாளர் கண்டுபிடிக்காவிட்டாலும், காப்பியடித்தவர் கண்டுபிடித்து எதிர்ப்பு மனு போடுவார். பேட்டன்ட் கிடைப்பதற்கு முன்பும் போடலாம், கிடைத்த விவரம் வெளியான ஒரு வருஷத்துக்குள்ளும் போடலாம்.

காப்பியடித்தவரை என்ன செய்வது?

இன்றைக்கு ஒன்றும் செய்ய முடியாது. பேட்டன்ட் கைக்கு வரும்வரை வழக்குப் போட முடியாது என்று பிரிவு 11ஏ சொல்கிறது. கிடைத்த பிறகு, விண்ணப்பம் வெளியான தேதியிலிருந்தே நஷ்டஈடு கேட்கலாம். இப்போதே மிரட்டல் நோட்டீஸ் விட்டால், ஆதாரமில்லாத மிரட்டல் என்று பிரிவு 106-இன் கீழ் அவர் உங்கள் மீது வழக்குப் போட இடம் கொடுப்பீர்கள். விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்று எண்ணோடு தெரிவிக்கும் ஒரு சாதாரணக் கடிதம் போதும்.

அதைவிட முக்கியம், அவர் குழாயில் ஒன்றை வாங்கி மூட்டை நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். உள்ளே ஸ்லீவ் இருக்கிறதா? இல்லையென்றால், சுருக்கிய கிளெய்மில் அவர் மாட்டமாட்டார். அதற்காக அகலமான கிளெய்மைப் பிடித்துக்கொண்டு தொங்கவும் முடியாது, அது டி1-இடமே தோற்றுவிட்டது. இந்த விடை தெரிந்த பிறகு, பேட்டன்ட்டுக்கு இன்னும் எவ்வளவு செலவு செய்வது என்று முடிவெடுங்கள். ஸ்லீவ் இல்லாத குழாய் சீக்கிரம் அடைக்கும் என்றால், அதைச் சோதனை எண்களோடு வாடிக்கையாளரிடம் சொல்லியே நீங்கள் ஜெயிக்கலாம்.

இதற்கிடையில் உங்கள் அட்டைப் பெட்டியில் ‘பேட்டன்ட் பெற்றது’ என்று அச்சடித்திருப்பதாகப் படம் அனுப்பியிருக்கிறீர்கள். அதை உடனே நிறுத்துங்கள். கிடைக்காத பேட்டன்ட்டைக் கிடைத்ததாகச் சொல்வதற்குப் பிரிவு 120-இல் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ‘பேட்டன்ட் விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்று எண்ணோடு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள், தப்பில்லை.

கடைசியாக, ஸ்லீவ் யோசனை டை போட்டுக் கொடுத்த உங்கள் உறவுக்கார லேத்காரர் சொன்னது என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இதுவரை அது கிளெய்மில் இல்லாததால் பிரச்சினை எழவில்லை. இனி அதுவே கிளெய்மின் உயிர். அளவு மட்டும் சொன்னாரா, யோசனையே அவருடையதா என்று உட்கார்ந்து பேசுங்கள். அவருடையது என்றால், கண்டுபிடித்தவராக அவர் பெயரையும் குறிப்பிடப் பிரிவு 28-இன் கீழ் படிவம் 8 போடலாம். பேட்டன்ட் கிடைப்பதற்கு முன்பே போட வேண்டும். உரிமையை உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறாரா, பங்கு கேட்கிறாரா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உறவுக்காரர்தானே என்று வாய்ப்பேச்சோடு விட வேண்டாம். கையெழுத்தான அந்தக் காகிதத்தோடு ஏஜென்ட்டைப் பார்க்கப் போனால், மீதி இருக்கும் மூன்று மாதம் இந்த வேலைக்குத் தாராளம்.